‘சஸ்டைனபிள்’னு பேர் இருந்தா நல்ல ஃபண்டா? நாலு கேள்வி கேட்டுட்டு பணத்தைப் போடுங்க



ஐ.டி.ஆர். சீசன்ல நம்ம குரோம்பேட்டை ஆபீசுக்கு வர்றவங்க பெரும்பாலும் ஃபார்ம் 16-ஐ நீட்டிட்டு, "ரீஃபண்ட் எவ்ளோ வரும்?"னுதான் கேட்பாங்க. இந்த முறை ஒரு பொண்ணு வேற ஒரு கேள்வியோட வந்தாங்க. வயசு 26. மெப்ஸ்ல ஒரு ஐ.டி. கம்பெனியில வேலை. சொந்த ஊர் ஆம்பூர் பக்கம். ரிட்டர்ன் ஃபைல் பண்ணி முடிச்சதும் போனை எடுத்து ஒரு ஆப்பைக் காட்டினாங்க. பச்சை இலை படம் போட்ட ஒரு இ.எஸ்.ஜி. ஃபண்ட்.

"மாசம் 5,000 எஸ்.ஐ.பி. போடலாம்னு இருக்கேன்ணா. சஸ்டைனபிள்னு போட்டிருக்கு. நல்லதுதானே?"

"எதுக்கு இதைத் தேர்ந்தெடுத்தீங்க?"ன்னு கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசிச்சுட்டுச் சொன்னாங்க: "எங்க தாத்தாவோட கிணறு டேனரித் தண்ணியில கெட்டுப்போச்சு. நிலத்துல ஒண்ணும் விளையல. அதனால, என் பணம் அப்படிப்பட்ட கம்பெனிக்குப் போகக் கூடாதுன்னு தோணுது. ஆனா எங்க அப்பா வேலை பார்த்ததும் டேனரியிலதான். அந்தச் சம்பளத்துலதான் நான் இன்ஜினியரிங் படிச்சேன். அதான் குழப்பமா இருக்கு."

நான் உடனே பதில் சொல்லல. ஏன்னா அந்தக் குழப்பம் அவங்களோடது மட்டும் இல்ல. ‘சஸ்டைனபிள்’ங்கிற வார்த்தைக்குள்ளேயே இருக்கிற குழப்பம் அது. இன்னிக்கு அதைத்தான் பேசப் போறோம். என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன்: எதை, யாருக்காக, எவ்வளவு காலம், யார் செலவில்னு சொல்லாத வரைக்கும் ‘சஸ்டைனபிள்’ என்பது வெறும் விளம்பர வார்த்தை. அந்த நாலையும் சொல்லிட்டா, அதுக்குப் பெரிய பலம் உண்டு.

தமிழ்ல என்னன்னு சொல்றது?

முதல்ல தமிழ் வார்த்தையையே எடுத்துக்குங்க. செய்தித்தாள்ல ‘நிலையான வளர்ச்சி’ன்னு போடுவாங்க. நம்ம பாடப்புத்தகங்கள்ல ‘நீடித்த வளர்ச்சி’ன்னு படிச்சிருப்பீங்க. இலங்கைத் தமிழர்கள் ‘நிலைபேறான அபிவிருத்தி’, ‘பேண்தகு அபிவிருத்தி’ன்னு எழுதுறாங்க. ஒண்ணு அசையாம நிற்கிறதைச் சொல்லுது, இன்னொண்ணு தொடர்ந்து போறதைச் சொல்லுது, ‘பேண்தகு’ன்னா பேணிக் காக்கத் தக்கது. மூணும் ஒரே அர்த்தம் இல்ல.

என் தொழிலிலும் இதே கதைதான். ஒரு கம்பெனி தொடர்ந்து நடக்குமான்னு ஆடிட்டர் பார்க்கணும். இதுக்கு ‘கோயிங் கன்சர்ன்’னு பேர். தணிக்கைத் தரம் 570 என்ன சொல்லுதுன்னா, குறைந்தபட்சம் 12 மாதத்துக்காவது நிர்வாகம் முன்னோக்கிப் பார்த்திருக்கணும். ஆனா 1987-ல் வந்த ஐ.நா.வின் புருண்ட்லாண்ட் அறிக்கை வேற மாதிரி சொல்லுது. இன்றைய தலைமுறையின் தேவை நிறைவேறணும். அதுக்காக வருங்காலத் தலைமுறை தன் தேவையை நிறைவேத்திக்கிற திறன் பறிபோகக் கூடாது. உலகம் முழுக்க இன்னிக்கும் எல்லாரும் முதல்ல எடுத்துக் காட்டுற வரையறை இதுதான்.

ஒருத்தர் கணக்குல குறைந்தபட்சம் 12 மாசம், இன்னொருத்தர் கணக்குல தலைமுறை. ஒரே கம்பெனியை என் அளவுகோல்ல வச்சா பாஸ், அந்த அளவுகோல்ல வச்சா ஃபெயில் ஆகலாம். இதுல யாரும் பொய் சொல்லல. அளவுகோல்தான் வேற.

நம்ம ஊர் பேர்லயே இருக்கு இந்தக் கதை

குரோம்பேட்டைன்னு நம்ம ஊருக்கு ஏன் பேர் வந்ததுன்னு எத்தனை பேருக்குத் தெரியும்? போன நூற்றாண்டின் தொடக்கத்துல இங்க வந்த குரோம் லெதர் கம்பெனிதான் காரணம். குரோமியம் உப்பு வச்சுத் தோலைப் பதனிடுற முறை அந்தக் காலத்துல புதுசு, வேகமானது. அந்தத் தொழிற்சாலையைச் சுற்றி வளர்ந்த பேட்டை, குரோம்பேட்டை. பல்லாவரம் பக்கத்துலயும் டேனரிகள் வந்தன. வேலை வந்தது, வீடு வந்தது, கூடவே கழிவுநீரும் வந்தது.

இந்தியச் சட்டத்துக்குள்ள ‘நீடித்த வளர்ச்சி’ங்கிற வார்த்தையை உறுதியா நிலைநிறுத்தின வழக்கும் தமிழ்நாட்டு டேனரி வழக்குதான். வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் உச்ச நீதிமன்றத்துல ஒரு பொதுநல வழக்குப் போட்டது. தீர்ப்பு 1996 ஆகஸ்ட் 28. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு.

அந்தத் தீர்ப்புல இருக்கிற விவரங்கள் சாதாரணமானவை இல்ல. ஐந்து மாவட்டங்கள்ல 900-க்கும் மேற்பட்ட டேனரிகள். ஒரு கிலோ தோலைத் தயாரிக்கச் சுமார் 35 லிட்டர் தண்ணீர். குரோம் முறையில சுமார் 170 வகை ரசாயனங்கள். சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியாகவோ முழுசாகவோ பயிருக்கு லாயக்கில்லாமப் போனது. இன்னொரு பக்கம், நாட்டின் தோல் ஏற்றுமதியில் சுமார் 80 சதவீதம் தமிழ்நாட்டிலிருந்துதான் போகுதுன்னும், இது அந்நியச் செலாவணியும் வேலையும் தர்ற தொழில்னும் அதே தீர்ப்பு ஒத்துக்கொள்ளுது.

அதாவது, அந்தப் பொண்ணு வீட்டுத் தாத்தா, அப்பா ரெண்டு பேருமே அந்தத் தீர்ப்புக்குள்ள இருக்காங்க.

நீதிமன்றம் என்ன பண்ணுச்சு? புருண்ட்லாண்ட் வரையறையை எடுத்துக் காட்டுச்சு. அதோட நிறுத்தியிருந்தா, அது ஒரு நல்ல கட்டுரையா மட்டும் இருந்திருக்கும். அடுத்த படிக்குப் போச்சு. மாசு பண்ணினவர்தான் செலவை ஏத்துக்கணும், அதாவது பாதிக்கப்பட்டவருக்கு நஷ்டஈடு மட்டுமில்லாம, கெட்டுப்போன மண்ணையும் தண்ணியையும் சரிபண்ணுற செலவும் அவரோடதுதான். ஆபத்து இல்லைன்னு நிரூபிக்கிற பொறுப்பு தொழில் நடத்துறவரோடது. இந்த ரெண்டையும் நாட்டின் சட்டம்னு சொல்லுச்சு. அதுக்கப்புறம் எண்கள் வந்தன. ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம். 1996 நவம்பர் 30-க்குள்ள சுத்திகரிப்பு வசதி. கழிவுநீரில் கரைந்திருக்கும் உப்புக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வச்ச வரம்பு. நஷ்டஈட்டைக் கணக்கிடத் தனி ஆணையம்.

அபராதம் கட்ட வேண்டிய அந்த ஐந்து மாவட்டங்களில் ஒண்ணு செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம். நம்ம பல்லாவரம், குரோம்பேட்டை எல்லாம் அப்போ அதுலதான் இருந்தது.

இதுல ஒரு கணக்குப் பாடம் இருக்கு. வார்த்தை பொதுவா இருந்த வரைக்கும் யாரும் அதை எதிர்க்கல. எதை, எந்தத் தேதிக்குள்ள, யார் காசுலன்னு சொன்னதும்தான் அது செயலுக்கு வந்தது.

அப்போ எல்லாம் சரியாயிடுச்சான்னா, இல்ல. அந்த ஆணையம் 2001-ல் வேலூர் மாவட்டத்துக்குத் தந்த நஷ்டஈட்டுத் தொகை சுமார் 27 கோடி ரூபாய். பாதிக்கப்பட்டவங்க 29,000-க்கும் மேல். வகுத்துப் பாருங்க. சராசரியா ஒருத்தருக்குச் சுமார் 9,200 ரூபாய். ஒரு கிணற்றுக்கும் ஒரு நிலத்துக்கும் இது சரியான விலையான்னு நீங்களே முடிவு பண்ணிக்கலாம். 2025 ஜனவரி 30 அன்னிக்கு உச்ச நீதிமன்றம் பாலாறு பற்றி மறுபடியும் ஒரு தீர்ப்பு சொல்ல வேண்டியிருந்தது. வழக்குப் போட்டு 33 வருஷம் கழிச்சு.

இப்போ ஃபண்டுக்கு வருவோம்

2020, 2021-ல் இந்தியாவில் இ.எஸ்.ஜி. ஃபண்டுகள் வரிசையா வந்தன. சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் மூணையும் பார்த்து முதலீடு பண்ணுவோம்னு சொன்ன ஃபண்டுகள். நானும் ஒண்ணுல போட்டேன். சி.ஏ. படிச்சவன்தான், ஆனா ஃபேக்ட்ஷீட்டைப் படிக்காம பேரைப் பார்த்துப் போட்டேன். ஒரு வருஷம் கழிச்சு உட்கார்ந்து பார்த்தா, முதல் பத்து பங்குகள்ல பெரும்பாலும் பெரிய வங்கிகள், பெரிய ஐ.டி. கம்பெனிகள். என்கிட்ட ஏற்கெனவே இருந்த நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்ட்ல இருந்த அதே பேர்கள். செலவு விகிதம் மட்டும் அதிகம்.

ஃபண்ட் நடத்தினவங்க ஏமாத்தல. ஐ.டி. கம்பெனிக்குப் புகைபோக்கி கிடையாது, கழிவுநீர்க் குழாய் கிடையாது. மார்க் போட்டா அதுக்குத்தான் நல்ல மார்க் வரும். ஆனா நான் நினைச்ச ‘சஸ்டைனபிள்’ வேற, அவங்க அளந்த ‘சஸ்டைனபிள்’ வேற. அந்த வித்தியாசத்துக்கு நான் ஃபீஸ் கட்டிட்டு இருந்தேன்.

அந்த ஃபீஸ் எவ்ளோன்னு பார்ப்போம். மாசம் 5,000, 20 வருஷம், 12 சதவீத வருமானம்னு வச்சுக்குங்க. கையில சுமார் 50 லட்சம். செலவு 1 சதவீதம் கூடி, வருமானம் 11 சதவீதமானா, சுமார் 43.7 லட்சம். 6 லட்சத்துக்கு மேல வித்தியாசம். இது உதாரணக் கணக்குதான், சந்தை இப்படியே போகும்னு அர்த்தம் இல்ல. ஆனா லேபிளுக்கு ஒரு விலை உண்டுன்னு புரியும்.

மார்க் போடுற ஏஜென்சிகளாவது ஒத்துப்போறாங்களா? பெர்க், கோல்பெல், ரிகோபான்னு மூணு ஆய்வாளர்கள் ஆறு பெரிய இ.எஸ்.ஜி. ரேட்டிங் நிறுவனங்களை ஒப்பிட்டு 2022-ல் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. அந்த ரேட்டிங்குகளுக்கு இடையே ஒப்புறவு சராசரியா 0.54 மட்டுமே. முழுசா ஒத்துப்போனா அது 1. கடன் ரேட்டிங்ல இதே எண் 0.9-க்கு மேல. கடனைத் திருப்பிக் கட்டுவாங்களாங்கிறது ஒரே கேள்வி, அதனால பதில் ஒத்துப்போகுது. ‘நல்ல கம்பெனியா?’ங்கிறது ஒரே கேள்வி இல்ல.

2022 மே மாசம் எஸ் அண்ட் பி 500 இ.எஸ்.ஜி. குறியீட்டிலிருந்து டெஸ்லாவை நீக்கினாங்க. எண்ணெய் கம்பெனி எக்ஸான் மொபில் உள்ளேயே இருந்தது. கேட்டா சிரிப்பு வரும். ஆனா அந்தக் குறியீடு ஒவ்வொரு துறைக்குள்ளயும் யார் பரவாயில்லைன்னு பார்க்குது, கார்பனோட தொழிலாளர் விஷயத்தையும் நிர்வாகத்தையும் சேர்த்துப் பார்க்குது. அவங்க கேள்விக்கு அதுதான் பதில். நம்ம ஊர்லயே பாருங்க. ஐ.டி.சி. கம்பெனி பயன்படுத்துற தண்ணியை விட அதிகமா சேமிக்கிறோம்னு பல வருஷமா ஆண்டறிக்கையில சொல்லிட்டு வருது. அதே கம்பெனிதான் நாட்டின் பெரிய சிகரெட் கம்பெனியும். தண்ணியை அளந்தா பாஸ். நுரையீரலை அளந்தா?

செபி செய்த நல்ல காரியம்

2023 ஜூலைல செபி இதுல ஒரு நேர்மையான வேலை பண்ணுச்சு. ‘இதுதான் இ.எஸ்.ஜி.’ன்னு ஒரே வரையறை குடுக்கல. ஆறு விதமான உத்திகள் இருக்கு, எதுன்னு சொல்லிட்டுச் செய்யுங்கன்னு சொல்லிடுச்சு. சில துறைகளையே விலக்குறது ஒண்ணு. வழக்கமான அலசலோட இ.எஸ்.ஜி.யையும் சேர்த்துப் பார்க்கிறது ஒண்ணு. துறைக்குள்ள சிறந்ததை எடுக்கிறது, நேரடியா நல்ல விளைவைக் குறிவைக்கிறது, நிலைத்தன்மை சார்ந்த குறிக்கோள் வச்சு முதலீடு பண்ணுறது, பழைய முறையிலிருந்து மாறிட்டிருக்கிற கம்பெனிகளுக்குப் பணம் தர்றது, இப்படி மத்தது. ஃபண்ட் பணத்துல குறைந்தது 80 சதவீதம் தான் சொன்ன உத்திப்படிதான் போகணும். உத்தியின் பேரும் ஃபண்ட் பேர்ல தெரியணும்.

அந்தப் பொண்ணோட குழப்பத்துக்கு இது நேரடியா உதவுது. டேனரி மாதிரி தொழிலே வேண்டாம்னா விலக்கும் உத்தி. தொழில் இருக்கட்டும், ஆனா மாறணும்னா மாற்றத்துக்கான உத்தி. தாத்தா பக்கம் நிற்கிறதுக்கு ஒரு ஃபண்ட், அப்பா பக்கம் நிற்கிறதுக்கு வேற ஃபண்ட்.

கம்பெனிகள் தர்ற தகவலுக்கும் ஒரு ஒழுங்கு வந்திருக்கு. சந்தை மதிப்பில் முதல் 1,000 பட்டியலிடப்பட்ட கம்பெனிகள் 2022-23 நிதியாண்டிலிருந்து பி.ஆர்.எஸ்.ஆர். அறிக்கை கட்டாயம் தரணும். தண்ணீர், மின்சாரம், கழிவு, தொழிலாளர் காயம்னு எல்லாம் எண்ணா இருக்கும். ஆண்டறிக்கையோட வரும், யாரும் இலவசமாப் படிக்கலாம்.

படிக்கும்போது ஒரு இடத்துல கவனமா இருங்க. ‘ஒரு ரூபாய் விற்பனைக்கு எவ்வளவு தண்ணீர்’னு ஒரு விகிதம் வரும். ஒரு கம்பெனி போன வருஷம் 100 கோடி விற்பனைக்கு 100 டேங்கர் தண்ணீர் எடுத்துச்சு. இந்த வருஷம் 150 கோடிக்கு 120 டேங்கர். விகிதம் 20 சதவீதம் குறைஞ்சிருச்சுன்னு முதல் பக்கத்துல பெருசாப் போடுவாங்க. தண்ணீர் 20 சதவீதம் கூடியிருக்கு. ரெண்டுமே உண்மை. ஆனா ஆத்துக்கு உங்க விற்பனை எவ்வளவுன்னு தெரியாது. அது இழக்கிறது மொத்தத் தண்ணியைத்தான்.

நாலு கேள்வி

இனிமே ‘சஸ்டைனபிள்’, ‘கிரீன்’, ‘எக்கோ’ன்னு எது வந்தாலும் இதைக் கேளுங்க.

1. எது நீடிக்கணும்? லாபமா, ஆறா, வேலையா, காற்றா? எல்லாம்னு பதில் வந்தா, எதுவும் இல்லைன்னு எடுத்துக்குங்க.

2. யாருக்காக? பங்குதாரருக்கா, தொழிலாளிக்கா, பக்கத்து கிராமத்துக்கா?

3. எவ்வளவு காலத்துக்கு? அடுத்த காலாண்டா, 2070-ஆ? தேதி இல்லாத இலக்கு, தேதி போடாத செக் மாதிரி.

4. யார் செலவில்? இதுதான் முக்கியம். சுத்தமா இருக்கிறதோட செலவு கம்பெனி கணக்குல வருதா, இல்ல யாரோ ஒருத்தர் கிணற்றுல வருதா?

கிரீன் டெபாசிட்டுக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். ரிசர்வ் வங்கியின் விதிமுறை 2023 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கு. அந்தப் பணம் எந்தெந்தத் துறைக்குப் போகலாம், எதுக்குப் போகக் கூடாதுன்னு பட்டியல் இருக்கு. வருஷா வருஷம் வெளியாள் சரிபார்க்கணும். ஆக முதல் கேள்விக்குப் பதில் ஓரளவு இருக்கு. நாலாவது கேள்விக்கு நீங்க பதில் தேடணும்: உங்க வங்கியில சாதாரண எஃப்.டி. வட்டியை விட இது குறைவா? குறைவுன்னா அந்த வித்தியாசம் உங்க செலவு. தெரிஞ்சு குடுத்தா நல்ல விஷயம். தெரியாம குடுக்காதீங்க.

ஃபிளாட் வாங்கப் போறவங்களும் கேளுங்க. நம்ம பக்கத்துல ‘சஸ்டைனபிள் லிவிங்’னு பிரோஷர் அடிக்காத புராஜெக்ட் கம்மி. மொட்டை மாடியில நாலு சோலார் பேனல் இருக்கும். மே மாசம் தண்ணி எங்கிருந்து வரும்? டேங்கர்னா, எந்த ஊர் கிணற்றுலிருந்து? 2015 டிசம்பர்ல முடிச்சூர் மூழ்கினப்போ இந்த மனையில எவ்வளவு தண்ணி நின்னுச்சு? 20 வருஷ லோன் போடுறீங்க. இடமும் 20 வருஷம் தாங்கணும் இல்லையா?

அப்போ எல்லாம் ஏமாத்து வேலையா?

சில பேர் அப்படித்தான் சொல்றாங்க. வரையறையே இல்லாத ஒண்ணுக்கு எதுக்கு ஃபண்ட், பேசாம இண்டெக்ஸ்ல போட்டுட்டு, மிச்சப் பணத்துல மரம் நடுன்னு. அதுல பாதி நியாயம் இருக்கு. ரிட்டயர்மென்ட்டுக்கான உங்க மையப் பணத்தை லேபிளை நம்பி வைக்காதீங்கன்னு நானும் சொல்வேன்.

மீதிப் பாதியை ஒத்துக்க மாட்டேன். வரையறை முழுசா இல்லைங்கிறதுக்காக 1996-ல் நீதிமன்றம் கையைக் கட்டிட்டு உட்காரல. ‘நியாயமான விலை’க்குக் கூடத்தான் எல்லாரும் ஒத்துக்கிற வரையறை இல்ல. அதுக்காக யாரும் கோயம்பேட்டுல பேரம் பேசாம வர்றதில்ல. மத்திய நிதியமைச்சகம் 2025 மே மாசம் காலநிலை நிதிக்கான வகைப்பாட்டு வரைவை வெளியிட்டிருக்கு. 2024 அக்டோபர்ல பொய்யான பசுமை விளம்பரத்துக்கு எதிரா நுகர்வோர் பாதுகாப்பு ஆணைய வழிகாட்டுதலும் வந்திருக்கு. மெதுவா, ஆனா வார்த்தைக்கு எல்லை கட்டிட்டு வர்றாங்க.

என் யோசனை ஒண்ணுதான். ஒவ்வொரு ஃபண்ட் ஃபேக்ட்ஷீட்லயும் ரிஸ்கோமீட்டர் கட்டாயம் இருக்கு. அதே மாதிரி, ‘சஸ்டைனபிள்’னு பேர் வச்ச எதுவா இருந்தாலும், அந்த நாலு கேள்விக்கும் நாலு வரியில பதில் முதல் பக்கத்துல இருக்கணும். 150 பக்க அறிக்கை ஆடிட்டருக்கு. நாலு வரி, பணம் போடுறவங்களுக்கு.

அந்தப் பொண்ணு என்ன முடிவு பண்ணாங்க?

இதெல்லாம் பேசி முடிச்சப்போ மணி எட்டு. ஜி.எஸ்.டி. ரோட்டுல டிராபிக் சத்தம். நான் காகிதத்துல எழுதிக் குடுத்த நாலு கேள்வியை அவங்க போன்ல போட்டோ எடுத்துக்கிட்டாங்க.

"இண்டெக்ஸ்ல 4,000 போடறேண்ணா. மீதி 1,000-க்கு அப்பாகிட்ட பேசிட்டுச் சொல்றேன். அவருக்கும் தாத்தாவுக்கும் இதுல இன்னும் சண்டை முடியல."

அந்த 1,000 ரூபாய் பற்றி இன்னும் போன் வரல. வரும்போது என்ன சொன்னாலும் எனக்குச் சம்மதம். ஏன்னா இந்த முறை இலை படத்தைப் பார்த்து முடிவு எடுக்கப் போறதில்ல.

உங்ககிட்ட இ.எஸ்.ஜி. ஃபண்ட் இருந்தா, இன்னிக்கே ஃபேக்ட்ஷீட்டைத் திறந்து அந்த நாலு கேள்வியைப் போட்டுப் பாருங்க. எந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கலைன்னு எழுதுங்க, அடுத்த வீடியோவுல பி.ஆர்.எஸ்.ஆர். அறிக்கையை ஒண்ணாத் திறந்து படிப்போம்.

*(பொறுப்புத் துறப்பு: நான் சி.ஏ., செபியில் பதிவு செய்த முதலீட்டு ஆலோசகர் இல்லை. இது என் தனிப்பட்ட கருத்து. இங்கே சொன்ன எந்தக் கம்பெனியின் பங்கையும் வாங்கவோ விற்கவோ சொல்லவில்லை. மியூச்சுவல் ஃபண்ட் முதலீடு சந்தை அபாயத்துக்கு உட்பட்டது.)*